தீயைப் பார்த்துக்கொள்ள ஒரு மிஷின்

மிஷின் வாங்கும் விஷயத்தில் என் கணவரை யாராலும் அவசரப்படுத்த முடியாது. மிக்ஸி வாங்கவே ஒரு மழைக்காலம் முழுக்க யோசித்தவர். கரி அடுப்பின் சூட்டைத் தானாகவே பார்த்துக்கொள்ளும் கருவி ஒன்று இருக்கிறது, அதை வாங்கிவிடலாம் என்று நான் சொன்னபோது, இவர் யோசித்து முடிப்பதற்குள் இவருக்கு மூச்சு மிச்சம் இருக்க வேண்டுமே என்றுதான் எனக்குத் தோன்றியது. இப்படியெல்லாம் நினைக்கலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். இருமலோடு குடும்பம் நடத்தியவர்களுக்குத் தெரியும், மனசு எதையெல்லாம் நினைக்கும் என்று.

அவர் கல்ஃபில் ஓர் ஓட்டல் சமையலறையில் பல வருடம் வேலை பார்த்தவர். அங்கே இறைச்சியை நேராக நெருப்பில் காட்ட மாட்டார்கள். மூடிய பெட்டிக்குள் கரி கனன்றுகொண்டிருக்கும். அந்தப் புகையிலும் மிதமான சூட்டிலும் அரை நாள், முக்கால் நாள் வைத்து வேகவிடுவார்கள். அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றே அவருடைய இளமை போயிற்று. ஊருக்குத் திரும்பியபோது எல்லோரையும் போலப் போர்வையும் சென்ட் பாட்டிலும் கொண்டுவந்தார். அவை தீர்ந்த பிறகு மிஞ்சியது இந்த ஒரு வேலைதான்.

நாகர்கோவிலில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லி, பழைய எண்ணெய் டிரம் ஒன்றை அறுத்துப் புகைப்பெட்டி செய்துகொண்டார். அடியில் கரி போடும் கூடை, நடுவில் கம்பித் தட்டுகள், முன்னால் ஒரு கதவு, மேலே புகை போக ஒரு குழாய், கீழே காற்று வர ஒரு குழாய். அதை வீட்டின் பின்பக்கம் வைத்தார். வீட்டில் அதற்கு டிரம் என்றே பெயர். சிரட்டைக்கரிதான் எரிப்பார், வாசத்துக்கு இரண்டு கொய்யாக்கட்டை. கல்ஃபில் கூட வேலை பார்த்த கூட்டாளி ஒருவர் தேங்காய்ப்பட்டணத்தில் மீன் வியாபாரம் செய்கிறார். அவர் சூரையும் நெய்மீனும் ஐஸ் பெட்டியில் அனுப்பிவைப்பார். வெள்ளியும் சனியும் டிரம் எரியும். வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்த குடும்பங்கள் கார் எடுத்துக்கொண்டு ஆரல்வாய்மொழி வரை வந்து வாங்கிப் போனார்கள். பக்கத்து வீட்டு மாமி மட்டும் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "என்ன எளவு வாடைட்டி இது, ஊரையே கொளுத்துகியளா?" என்று கேட்டாள். டிரம்மில் வெந்த கோழி ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு மாமிக்கு வாடை தெரியவில்லை.

இந்த வேலையில் கஷ்டம் எல்லாம் சூட்டை ஓர் இடத்தில் நிறுத்துவதுதான். நூற்றுப்பத்து டிகிரி. ஏறினால் மீன் வறண்டு சக்கையாகிவிடும். இறங்கினால் கரி மூச்சு முட்டிக் கசப்புப் புகை விடும், அது மீனில் ஒட்டிக்கொள்ளும். கீழ்க்குழாயின் மூடியை நூலளவு திறந்தும் நூலளவு அடைத்தும் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். அதற்காக அவர் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு டிரம்முக்குப் பக்கத்திலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். புகை அவர் பக்கம் திரும்பினாலும் முகத்தைத் திருப்ப மாட்டார். புகையின் நிறத்தைப் பார்ப்பதாகச் சொல்வார். எனக்கு அது அடம் பிடிப்பதாகவே தெரிந்தது.

இருமல் முதலில் காலையில் மட்டும் இருந்தது. பிறகு மாடிப்படி ஏறினால் வந்தது. பிறகு இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினாலே வந்தது. நாகர்கோவிலில் நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரலின் அடிப்பக்கம் சுருங்க ஆரம்பித்திருக்கிறது என்றார். சுருங்கியது சுருங்கியதுதான், அது விரியாது. மேற்கொண்டு சுருங்காமல் முடிந்த வரை பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"இனிமே புகை பக்கமே போகக் கூடாது. சிகரெட்னு இல்ல, எந்தப் புகையும்."

"சிகரெட்டு நான் தொட்டதே கெடையாது சார்," என்றார் இவர், அதற்காக ஏதோ தள்ளுபடி கிடைக்கும் என்பதுபோல.

பஸ்ஸில் வரும்போது, "டிரம்மை விட்டிருங்கோ அத்தான்," என்றேன்.

"விட்டுட்டு?"

அவ்வளவுதான் கேட்டார். நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வுக்கூட உதவியாளர். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவேன். மகள் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். அந்த நேரமெல்லாம் இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். கல்ஃபில் இருந்து வந்து அப்படி உட்கார்ந்துபோன ஆண்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். காலை ஒன்பது மணிக்கே சட்டை போட்டுத் தலை வாரி, போக இடம் இல்லாமல் வாசலில் நிற்பார்கள். அவர்களைத் தாண்டிப் போகும்போது நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

ஆகவேதான் மிஷின். ஆய்வுக்கூடத்தில் சூட்டை ஒரே அளவில் நிறுத்துகிற கருவிகளைத் துடைத்துவைப்பது என் வேலைகளில் ஒன்று. அதே சங்கதியைக் கரி அடுப்புக்கும் செய்து விற்கிறார்கள் என்று போனில் தேடிக் கண்டுபிடித்தேன். பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஒரு சின்னப் பெட்டி. அதில் இருந்து ஒரு கம்பி டிரம்முக்குள் போய்ச் சூட்டைப் பார்க்கும். கீழ்க்குழாயில் ஒரு சின்ன ஃபேன் மாட்ட வேண்டும். சூடு குறைந்தால் ஃபேன் ஊதும், கரி கனலும். சூடு வந்துவிட்டால் ஃபேன் நின்றுவிடும். தீயை அது பார்த்துக்கொள்ளும். இவர் முன்பக்கம் வேப்பமரத்தடியில், புகை வராத இடத்தில் உட்காரலாம்.

ஆச்சரியமாக, உடனே சரி என்றார். எதை வாங்குவது என்பதில்தான் மாட்டிக்கொண்டோம்.

சாயங்காலம் நான் வந்து காபி போட்டதும் இருவரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்காருவோம். தாடி வைத்த வெள்ளைக்காரர்கள், வயிற்றுக்கு மேல் ஏப்ரன் கட்டிக்கொண்டு, பெட்டியைப் பிரித்துக் காட்டி விளக்குவார்கள். ஒருவர் முழங்கால் அளவு பனியில் நின்றுகொண்டு தன் மிஷினைப் புகழ்ந்தார். "இவனுக்கு ஐஸ்ல நிக்கு, நமக்கு வெயில்ல நிக்காதா?" என்பார் இவர். சூடு எல்லாம் அவர்கள் ஊர் ஃபாரன்ஹீட்டில் வரும். நான் செல்சியஸுக்கு மாற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. கல்யாணம் முடிந்து இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே விஷயத்தைப் பற்றித் தினமும் பேசியது அப்போதுதான்.

மூன்று வகை கடைசியில் மிஞ்சின. ஒன்றில் எண்கள் பெட்டியிலேயே தெரியும். பார்க்க வேண்டுமானால் பக்கத்தில் போக வேண்டும். அதை நான் பார்த்தவுடனே தள்ளிவிட்டேன். இன்னொன்று புளூடூத்தில் போனுக்கு வரும், ஆனால் நடுவில் ஒரு சுவர் வந்தால் அறுந்துபோகும். மூன்றாவது வைஃபையில் ஓடுவது. உலகத்தில் எங்கே இருந்தாலும் போனில் சூடு தெரியும், போனிலேயே கூட்டலாம் குறைக்கலாம், எல்லை தாண்டினால் அலறும். அதன் ஃபேனும் மற்றதைவிடப் பெரியது.

"ஏட்டி, இன்னா பாரு. கரி செத்துப் போனாலும் இந்த ஃபேனு ஊதி எழுப்பிரும்," என்றார்.

"ஃபேனை விடுங்கோ. வீட்டுக்கு உள்ள இருந்து பாக்கலாமா, அதச் சொல்லுங்கோ."

"பாக்கலாம், பாக்கலாம். நாலு கம்பி குத்தலாம் கேட்டியா. மீனுக்கு ஒண்ணு, கோழிக்கு ஒண்ணு."

இருவரும் ஒரே மிஷினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பார்த்தது சூடு எவ்வளவு அசையாமல் நிற்கும் என்பதை. நான் பார்த்தது அவரை எவ்வளவு தூரம் தள்ளிவைக்கும் என்பதை. இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும். மூன்றாவது மிஷின் இரண்டு பேருக்கும் பொருந்தியதால் சண்டை வராமல் போயிற்று.

வாங்கும் முன் எல்லாவற்றையும் யோசித்தோம். கரண்ட் போனால் என்ன செய்வது? இன்வெர்ட்டரில் இருந்து தனி வயர். எலி கடித்தால்? வயரை இரும்புக் குழாய்க்குள் விடலாம். மழைக்கு மேலே ஒரு தகரம். சாம்பல் ஃபேனுக்குள் போனால் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடலாம். இப்படி எங்களுக்குத் தோன்றாத ஆபத்தே இல்லை என்று நினைத்தோம்.

காற்று தோன்றவில்லை. வெளியூர்க்காரர் ஒருவர் எங்கள் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு காற்றைப் பற்றித்தான் பேசுவார். மலை இடைவெளி வழியாக அது எங்கள் மேல்தான் வந்து விழுகிறது. சுற்றிலும் காற்றாலைகள். ஆனால் எங்களுக்குக் காற்று கணக்கிலேயே கிடையாது. துணிக்கு இரண்டு கிளிப் போடுவோம். கதவுக்கு ஒரு கல் முட்டுக் கொடுப்போம். ஸ்கூட்டரில் போனால் உடம்பு தானாக ஒரு பக்கம் சாயும். பிறந்ததில் இருந்து இதையெல்லாம் யோசிக்காமலே செய்துவருகிறோம். அதுவும் நாங்கள் மிஷின் பார்த்துக்கொண்டிருந்தது மாசி மாதம். காற்றாலைகள் அசையாமல் நின்றன. காற்றாடிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, இருப்பதிலேயே பெரிய ஃபேனைத் தேடித் தேடி வாங்கினோம்.

பங்குனியில் மிஷின் வந்தது. முதல் வெள்ளிக்கிழமை நான் கல்லூரிக்கு லீவு போட்டேன். அவர் கரியைப் பற்றவைத்து, கம்பியை மாட்டி, ஃபேனைக் குழாயில் செருகிவிட்டு முன்பக்கம் வந்து உட்கார்ந்தார். போனில் எண் ஏறியது. நூறு, நூற்றைந்து, நூற்றுப்பத்து. அங்கேயே நின்றது. ஒரு மணி நேரம் கழித்தும் அங்கேயே. அவர் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அதை அவர் பார்க்காமல் இருக்க, உலை வைக்கிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

பங்குனியும் சித்திரையும் அப்படியே போயின. நான் பின்வாசலில் ஒரு பழைய கட்டிலைக் குறுக்கே போட்டு வழியை அடைத்திருந்தேன். அவரும் முன்பக்கமே இருந்தார். இருமல் குறைந்தது போலத்தான் இருந்தது. ஆனால் கைகளை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. போனைத் துடைப்பார். வேப்பம்பூவைக் கூட்டி ஒதுக்குவார். "சும்ம இருக்கவனுக்குச் சோறு எறங்க மாட்டேங்கு," என்றார் ஒரு நாள். எனக்குக் கோபம் வந்தது. உட்கார்ந்து மூச்சு விடுவது ஒரு வேலை இல்லையா என்று கத்தினேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வைகாசி கடைசியில் காற்று எழுந்தது. அன்று சனிக்கிழமை மத்தியானம். டிரம்முக்குள் நெய்மீன் இருந்தது. போன் அலறியது. நூற்றிருபது. நூற்று முப்பது. ஃபேன் நின்றுவிட்டதாகப் போன் சொல்கிறது, சூடோ ஏறிக்கொண்டே போகிறது. நான் சமையலறையில் இருந்து வருவதற்குள் அவர் கட்டிலைத் தாண்டிக் குதித்துப் பின்பக்கம் ஓடியிருந்தார். காற்று ஃபேனின் வாய் வழியாகவே உள்ளே புகுந்து கரியை ஊதிக்கொண்டிருந்தது. மிஷினுக்கு ஊதத்தான் தெரியும். வேண்டாம் என்று காற்றைத் தடுக்க அதனிடம் ஒன்றும் இல்லை. அவர் நனைந்த சாக்கைக் குழாய் மேல் போட்டு அழுத்திக்கொண்டு குனிந்திருந்தார். புகை முழுக்க அவர் முகத்தில் அடித்தது. இழுத்துக்கொண்டு வந்து முன்பக்கம் உட்கார வைத்தபோது உதடு நாவல்பழம் தின்றவர் உதடுபோல் இருந்தது. பேச முடியவில்லை. கையால் பின்பக்கத்தைக் காட்டி, மீனை எடு, மீனை எடு என்று சைகை செய்தார். அந்த நேரத்தில் அந்த மீனை எடுத்து அவர் தலையிலேயே எறிய வேண்டும் போல இருந்தது எனக்கு.

தேங்காய்ப்பட்டணத்துக் கூட்டாளி போனில் கேட்டுவிட்டுச் சிரித்தார். "மக்கா, ஒங்க ஊர்க் காத்துல லாரியே ஆடும். அங்கன கொண்டு இவ்வளவு பெரிய வாய வச்ச ஃபேன மாட்டுனா நிக்குமா? சவத்தத் தூரப் போடு."

தூரப் போடவில்லை. தகரத்தை வளைத்து மறைப்பு வைத்தார். காற்று கதவு இடுக்கில் புகுந்தது. கதவுக்கு நாடா ஒட்டினார். புகைக்குழாய் வழியாக இழுத்தது. ஃபேனின் வாயில் சின்ன மூடி போட்டுப் பாதி அடைத்தார். அப்போது காற்று ஓய்ந்த நேரத்தில் சூடு இறங்கி, அதற்கும் போன் அலறியது. ஏறினாலும் அலறல், இறங்கினாலும் அலறல். ஒவ்வொரு அலறலுக்கும் அவர் எழுந்து ஓடினார். மிஷின் இல்லாத காலத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாவது இருந்தார். இப்போது ஓட்டமும் சேர்ந்துகொண்டது. அவரைத் தள்ளிவைக்க வாங்கிய பொருள் அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் புகைக்குள் இழுத்தது.

ஆனியில் ஒரு நாள் அது அலறியபோது அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு நான் போனேன்.

"ஒனக்கு என்னட்டி தெரியும்?"

"நீங்க சொல்லுங்கோ, நான் செய்யேன்."

அதன் பிறகு வெள்ளிக்கிழமை நான் வேலை முடிந்து வந்த பிறகுதான் கரி பற்றவைப்போம். அந்தச் சாயங்காலமும் சனிக்கிழமை முழுவதும் அப்படித்தான் நடந்தது. என் போனை ஸ்பீக்கரில் போட்டு இடுப்பில் செருகிக்கொள்வேன். அவர் முன்பக்கத்தில் இருந்து எண்ணைப் பார்த்துச் சொல்வார். "மூடியக் கொஞ்சம் அட. இன்னும் கொஞ்சம். போதும், போதும். நூத்திப்பதினஞ்சு. பைய எறங்குகு. கைய எடுக்காத. நூத்திப்பத்து. நிக்கு. நீ இஞ்ச வா." நான் வர மாட்டேன். வந்தால் காற்று மறுபடி மாறும், மறுபடி ஓட வேண்டும். அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிடுவேன். புகையின் நிறம் மாறுவது எனக்கும் தெரிய ஆரம்பித்தது. அவர் எண்ணைச் சொல்வதற்கு முன்னாலேயே என் கை மூடிக்குப் போகும்.

அவர் கல்ஃபில் இருந்தபோது நாங்கள் போனில்தான் குடும்பம் நடத்தினோம். இப்போது ஒரே வீட்டில், அவர் முன்னால், நான் பின்னால், மறுபடியும் போனில். நடுவில் சும்மாவும் பேசுவோம். மகளைப் பற்றி. அந்த ஓட்டலில் அவரைத் திட்டிய மேனேஜரைப் பற்றி. முகத்துக்கு முகம் பார்த்துச் சொல்லாததையெல்லாம் அந்த ஸ்பீக்கரில் சொன்னார். தனியாகக் கிடந்து காய்ச்சலில் அழுத கதையை நான் கேட்டது டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான். கண்ணில் நீர் வழிந்தது, புகையாலா வேறு எதனாலா என்று நான் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த ஆடி மாதம் நான் சந்தோஷமாகவே இருந்தேன்.

ஆவணியில் டாக்டரிடம் திரும்பப் போனோம். இவரை ஊதச் சொன்னார்கள், நடக்கச் சொன்னார்கள், விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தார்கள். டாக்டர் முகம் தெளிந்தது. போன தடவைக்கு இப்போது மோசமாகவில்லை என்றார். "சொன்னதக் கேட்டிருக்கீங்க. அதான்." இவர் என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பையன் முகம் அது. நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். இருமல் வந்தது. அடக்கினேன். அடக்கினதில் அது இரண்டாக வந்தது, பிறகு நிற்கவில்லை. நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"உங்களுக்கு எத்தனை நாளா இருக்கும்மா இது?" என்றார் டாக்டர்.

"தூசி சார். லேப்ல."

"வீட்ல புகையில யார் வேலை பாக்கறது?"

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். டாக்டர் எனக்கும் ஒரு படம் எடுத்துவிடச் சொல்லி எழுதிக் கொடுத்தார். அதில் பயப்படும்படி ஒன்றும் இல்லை, ஆனால் இப்போதே நிறுத்தினால்தான் அப்படி இருக்கும் என்றார்.

பஸ்ஸில் இவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஒழுகினசேரி தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"நான் வெளிய வந்தது நீ உள்ள போகதுக்காட்டி?"

"அதுக்கு இல்ல அத்தான்."

"பொறவு எதுக்கு?"

பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்கு அழுகையாக வந்தது. நீங்கள் வாசலில் சட்டை போட்டுக்கொண்டு நிற்கக் கூடாது, அதற்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். நீங்கள் பேசினீர்கள், அதற்குத்தான் என்றும் சொல்லியிருக்கலாம். நான் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் செருப்பைக் கழற்றாமல் பின்பக்கம் போனார். ஃபேனைக் கழற்றினார். கம்பிகளைச் சுற்றி, அது வந்த அட்டைப்பெட்டியிலேயே வைத்தார். பிறகு தேங்காய்ப்பட்டணத்துக்குப் போன் போட்டு, வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். மறுநாளே கூட்டாளி மீன் வண்டியோடு வந்தார். டிரம்மை ஏற்றும் வரை இவர் கூடவே நின்று, எந்தக் கம்பி எங்கே, எந்த அளவு கரி, முதலில் எவ்வளவு நேரம் எரியவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இருமி இருமிச் சொன்னார்.

"மைனி, டிரம்மு இவனுக்க உயிருல்லா, நான் எப்பிடிக் கொண்டு போக," என்றார் கூட்டாளி என்னிடம் மெதுவாக. "வேண்டாம்னு சொன்னா கேக்க மாட்டேங்கான்."

நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய? வண்டி போன பிறகு பின்பக்கத்தில் கறுப்பாக ஒரு வட்டம் மட்டும் இருந்தது. மறுநாள் அதைத் தேய்த்துக் கழுவினேன்.

கூட்டாளி வீட்டில் ஐஸ் பெட்டிகள் அடுக்கும் பழைய அறை ஒன்று இருக்கிறது. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் ஷட்டர். டிரம்மை அங்கே வைத்தார். கடற்காற்று உள்ளே எட்டுவதில்லை. அவர் வீட்டு வைஃபையில் மிஷினை இணைத்தார். ஆனால் அதன் கணக்கு இவருடைய போனில்தான் திறந்தது. அதை இவர் அழிக்கவும் இல்லை, கூட்டாளி அழிக்கச் சொல்லவும் இல்லை. முதல் சில வாரம் கூட்டாளி அடிக்கடி கூப்பிட்டார். இவர் எண்ணைப் பார்த்து, கூட்டு, குறை, கதவைத் திறக்காதே என்று சொல்வார். அந்த நாட்களில் நன்றாகச் சாப்பிட்டார். எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

பிறகு கூட்டாளிக்கு வேலை பிடிபட்டுவிட்டது. பிடிபட அதிகம் இல்லைதான். காற்று இல்லாத அறையில் மிஷின், பெட்டி மேல் அச்சடித்திருந்தபடியே, தீயைத் தானே பார்த்துக்கொண்டது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவர் கடைக்குப் போய்விடுவாராம். யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம், யாரும் எதையும் சொல்லவும் வேண்டாம். இவருக்கு வந்த போன் குறைந்தது. பிறகு நின்றது. கூட்டாளி மேல் குற்றம் ஒன்றும் இல்லை. அவர்கள் வீட்டுப் பெருநாளுக்கு வெந்த முதல் மீனை எங்களுக்குத்தான் அனுப்பினார். இவர் ஒரு துண்டு எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, நன்றாக வந்திருக்கிறது என்று தட்டில் திரும்ப வைத்துவிட்டார்.

என் இருமல் போய்விட்டது. அவருடையது போகவில்லை. தை மாதம் எடுத்த படத்தில் இன்னும் கொஞ்சம் சுருங்கியிருப்பதாக டாக்டர் சொன்னார். "புகையே இல்லையே சார் இப்பம்," என்றேன். நியாயம் கேட்கிற மாதிரி என் குரல் உயர்ந்துவிட்டது. "அதனாலதான் கொஞ்சத்தோட நிக்குதும்மா," என்றார்.

இப்போது வீட்டில் புகை வாடையே கிடையாது. துணியெல்லாம் சோப்பு வாசம் அடிக்கிறது. தள்ளி இருக்க வேண்டும் என்றுதான் நான் கேட்டேன். டிரம்முக்கும் அவருக்கும் நடுவில் பாதி ஜில்லா இருக்கிறது. இதைவிடத் தூரத்தில் வைக்கும் மிஷின் எந்தக் கடையிலும் கிடைத்திருக்காது. வெள்ளியும் சனியும் வந்தால் சட்டை போட்டு, தலை வாரி, ஜன்னல் பக்கத்து நாற்காலியில் போனோடு உட்கார்ந்துவிடுகிறார். நான் பேச்சுக் கொடுத்தால் ம் என்கிறார். ஸ்பீக்கரில் பேசிய அந்த மனிதரை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு முறை, வெட்கத்தை விட்டு, சமையலறையில் இருந்து அவர் போனுக்கே கூப்பிட்டுப் பார்த்தேன். "என்னட்டி, உள்ளதானே நிக்கிய," என்று வைத்துவிட்டார். என் அழைப்பு வந்து போனில் இருந்த எண்ணை மறைத்துவிட்டது என்று கோபம்.

போன சனிக்கிழமை மத்தியானம் பாத்திரம் கழுவிவிட்டு வந்தேன். அதே நாற்காலி. நெஞ்சு ஏறி இறங்குவது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. பக்கத்தில் போய்த் தோளில் கைவைத்தேன்.

"மூச்சு எப்படி இருக்கு அத்தான்?"

போனில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நூத்திப்பத்து," என்றார். "அசையாம நிக்கு."